மதியம் மட்டும் வரும் ஷார்ட் சர்க்யூட்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாள்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு நேயர், தகரக் கூரை போட்ட மாடி அறையில் எச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) டி.சி.சி. மாதிரி ரயில் லேஅவுட் அமைத்திருக்கிறார். டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளைகளையும் அனுப்பி எஞ்சின்களை ஓட்டும் முறை. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மதியம் 1 மணிக்கு மேல், ஒரு வண்டிகூட நகராத நேரத்திலும் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) ஷார்ட் சர்க்யூட் என்று காட்டி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. இரவில் தானாகச் சரியாகிவிடுகிறது. டீகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சிறு சர்க்யூட்) பழுதா, பூஸ்டர் பழுதா என்று கேட்கிறார்.

முதலில் எல்லா எஞ்சின்களையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு பூஸ்டரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் துண்டித்தால் பூஸ்டரைச் சந்தேகிக்கலாம். துண்டிக்காவிட்டால் குற்றவாளி மேசையின் மேல்தான் இருக்கிறது.

நான் சந்தேகிப்பது தண்டவாளத்தின் இடைவெளிகளை, அதாவது மின்சாரம் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் பாயாதிருக்க நாம் அறுத்துவிடும் வெட்டுகளை. நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் மீட்டருக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளும். மூட்டுகளையெல்லாம் பற்றவைத்து 3 மீட்டருக்கு ஒரே துண்டாக்கி வைத்திருந்தால், அந்த நீட்சி முக்கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். மெல்லிய வெட்டுத்தகட்டால் நாம் அறுத்த இடைவெளியை அடைக்க அதுவே போதும். மின்சாரம் பாயும் ஃபிராக் (இரு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கிடும் உலோகப் பகுதி) கொண்ட பாயிண்டுகளுக்கு, அதாவது வண்டியைத் தடம் மாற்றும் இடங்களுக்கு, பின்னால் இருக்கும் இடைவெளியில் இது நேர்ந்தால், பாயிண்ட் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. மறுபக்கம் திரும்பியதும் ஃபிராக் எதிர்முனைக்கு மாறி, ஒட்டிக்கொண்ட தண்டவாளத்தோடு மோதும். வண்டியே தேவையில்லை. வண்டி சுற்றி வந்து அதே தடத்தில் எதிர்த்திசையில் திரும்பும் வளையமான ரிவர்ஸ் லூப்பின் இரு முனைகளிலும் இதே கதைதான்.

ஆகவே, நாளை மதியம் துண்டிப்பு வந்ததும் பாயிண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருப்புங்கள். ஃபிராக்கின் முனையை மாற்றும் சுவிட்சும் கூடவே நகர வேண்டும். எந்தப் பாயிண்டைத் திருப்பியதும் மின்சாரம் திரும்புகிறதோ, அங்கே ஒரு தாள் கீற்றை இடைவெளிக்குள் செருகிப் பாருங்கள். தாள் நுழையாவிட்டால் இடைவெளியைச் சற்று அகலமாக அறுத்து, ஒரு துண்டு பிளாஸ்டிக்கை ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

ஆனால் அவர் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்: பூஸ்டர் துண்டிக்காத ஷார்ட் சர்க்யூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமாகப் பார்ப்பவர்கள் "மறுபடியும் நாணயமா" என்று சிரிப்பது எனக்குத் தெரியும். ஆம், மறுபடியும் நாணயம்தான். லேஅவுட்டின் ஒவ்வொரு பகுதியிலும், குறிப்பாகப் பூஸ்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். அந்தக் கணமே பூஸ்டர் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் ஒயர் மெலிது, அல்லது மூட்டு தளர்வு. ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டாலும் மின்னோட்டம் துண்டிப்பு அளவை எட்டாமல் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருக்கும்.

என் பழைய லேஅவுட்டில் நான் இதைச் செய்யவில்லை. கடைக்கோடிப் பாயிண்டில் ஒரு பெட்டி தடம்புரண்டு கிடந்ததைக் கவனிக்காமல், புதிதாக வாங்கிய எஞ்சின்தான் மந்தமாக ஓடுகிறது என்று நினைத்து, அதைக் கழற்றிப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்த பிறகே எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டியின் சக்கரச் சட்டம் உருகி வளைந்திருந்தது. 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட். நாம் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றைச் சேர்த்த சூடு. அதில் ஒரு பகுதி சக்கரத்தின் ஒரு முனையில் இறங்கினாலே போதும்.

மதியம் துண்டித்துவிடும் பூஸ்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதைக் குறை சொல்லாமல் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, எல்லா மூலைகளிலும் நாணயம் வைத்துப் பார்த்து, எந்த மூலையில் துண்டிக்கவில்லை என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.