ராஜினாமா லெட்டர்ல நான் கையெழுத்துப் போடல!

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரகடம் டீக்கடை இல்ல, வீட்டு மொட்டை மாடி. சந்தோஷத்துல தூக்கமே வரல. எங்க பிளான்ட்டை வேற கம்பெனிக்கு வித்துட்டாங்கன்னு போன வீடியோவுல சொன்னேன்ல, அந்தப் புது கம்பெனியோட வேலை நியமன ஆர்டர் கைக்கு வந்துடுச்சு. இதோ, இந்த ஒரு வரியைப் பாருங்க: பணியில் சேர்ந்த நாள் 19.09.2016. இதுக்காக 11 நாள் அலைஞ்சிருக்கேன்.

மொதல்ல குடுத்த ஆர்டர்ல இந்த மாசத் தேதியைப் போட்டு, நான் புதுசா சேர்ந்த மாதிரி எழுதியிருந்தாங்க. கூடவே நாலு பேப்பர். மூணாவது பேப்பர்ல, "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்." எனக்கு என்னங்க சொந்தக் காரணம்? வித்தது அவங்க! ஹெச்ஆர் சார், "தம்பி, ஃபார்மாலிட்டிதான், எல்லாரும் போட்டுட்டாங்க, கிராஜுவிட்டி மொத்தமா கைக்கு வரும்"னார்.

கிராஜுவிட்டின்னா வேலையை விடறப்ப குடுக்கற பணிக்கொடை, சர்வீஸ்ல ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள்னு கணக்கு. நானும் கணக்குப் போட்டேன். அடிப்படைச் சம்பளமான பேசிக்கும், அகவிலைப்படியான டிஏவும் சேர்ந்து மாசம் 18,200. 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கினா 10,500. 9 வருஷத்துக்கு 94,500 ரூபா. ஆசையாத்தான் இருக்கு. ஆனா கிராஜுவிட்டி கடைசியா வாங்கற சம்பளத்துல கணக்காகறது. சர்வீஸ் தொடர்ந்து, பேசிக் 30,000 ஆனா, பழைய 9 வருஷமும் அந்த 30,000 கணக்குலயே வரும். ராஜினாமா பண்ணா மறுபடி பூஜ்யம், இன்னும் 5 வருஷம் காத்திருக்கணும்.

சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு மக்களே. முன்னாடி 1947 தொழில் தகராறு சட்டத்துல 25எஃப்எஃப் பிரிவா இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல அது 73-வது பிரிவு. நிறுவனம் கைமாறினா, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செஞ்ச தொழிலாளிக்கு ஆட்குறைப்பு மாதிரியே ஒரு மாச நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. முதலாளி அதைக் குடுக்காம இருக்கணும்னா, சர்வீஸ் அறுபடக்கூடாது, சம்பளமோ சலுகையோ குறையக்கூடாது, புது முதலாளி நாளைக்கு ஆளைக் குறைச்சா பழைய வருஷத்தையும் சேர்த்துத் தரணும். மூணுமே இருக்கணும். நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா எதை வெச்சுக் கேப்பீங்க? கொல்கத்தா பிலிப்ஸ் ஃபேக்டரி வழக்குல 2011-லயே சுப்ரீம் கோர்ட்டு, தொழிலாளி சம்மதம் இல்லாம புது நிர்வாகத்துக்கிட்ட தள்ளிவிட முடியாதுன்னு சொல்லிடுச்சு.

அட, ஒண்ணு விட்டுட்டேன். ஷேர் மட்டும் கைமாறி கம்பெனி அதே கம்பெனியா இருந்தா இந்தப் பிரிவு வராது. உங்க பழைய ஆர்டரே ஓடும். அப்பவும் ராஜினாமா பேப்பர் நீட்டினா வாங்காதீங்க.

சரி, அந்தத் தேதிக் கதை. பழைய ஆர்டர் ஒரிஜினல் கேட்டாங்க. அது செய்யாறுல, அம்மா பீரோவுல. வாட்ஸ்அப் போட்டோ செல்லாதாம். ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனா, பட்டுப்புடவைக்கு அடியில இருந்து எடுத்து நீட்டறாங்க. 2016-லயே 30 ரூபா குடுத்து லேமினேஷன் போட்டு வெச்சிருக்காங்க மக்களே! ஒரு மடிப்பு இல்ல, சீல் பளிச்சுன்னு இருக்கு. எனக்கே தெரியாது. அதை மேஜையில வெச்சப்ப ஹெச்ஆர் சார் ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், வேற எதுவும் சொல்லல. பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியிலயும் அதே தேதி. மூணு நாள்ல ஆர்டர் மாறிடுச்சு.

பிஎஃப்னதும் ஞாபகம் வருது, பணத்தை எடுத்துடாதீங்க. கம்பெனி மாறினாலும் யுஏஎன்ங்கற உங்க பிஎஃப் நம்பர் அதேதான், புது கம்பெனிக் கணக்குக்கு ட்ரான்ஸ்ஃபர் போடுங்க. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். எனக்கு இன்னும் 8 மாசம்தான் பாக்கி.

பக்கத்து மெஷின் அண்ணனுக்கு 17 வருஷ சர்வீஸ். மொத நாளே கையெழுத்துப் போட்டுட்டார். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், நான் என்னடா பண்ணுவேன்னு கேட்டார். எனக்கு ஆறவே இல்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரி டைப் அடிச்ச லெட்டர், தேதியை மட்டும் பேனாவுல எழுதியிருக்கு. அந்த ஜெராக்ஸை எடுத்துக்கிட்டு புதன்கிழமை அண்ணனோட லேபர் ஆபீஸ் போறேன்.