ஆப்கானிஸ்தானில் இனி பிரசவம் பார்க்க யார் இருக்கிறார்கள்?

வணக்கம் மக்களே. ஆப்கன் பெண்கள் என்றாலே பேச்சு நேராக பர்தாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறது, நான் இன்றைக்கு பிரசவம் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

2002-ல் படக்‌ஷான் மாகாணத்தில் ரக் என்ற மலை மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 6,500 தாய்மார்கள் சாகிறார்கள் என்று வந்தது, அதாவது நூறு பேர் பிள்ளை பெற்றால் ஆறேழு பேர் பிழைக்கவில்லை. அதுவரை உலகத்தில் எங்கேயும் இவ்வளவு பதிவானதில்லையாம். நாடு முழுக்கத் தேடினாலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஐந்நூறு பேர்கூடத் தேறவில்லை, ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கப் பல வீடுகளில் விடவும் மாட்டார்கள்.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். அப்போதைய அரசும் உதவி நிறுவனங்களும் ஊர்க்காரர்களிடமே போய், உங்களில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், படிக்க வைத்து உங்களிடமே திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். தொடக்கத்தில் ஒன்றரை வருடப் படிப்பு. முடித்துவிட்டு வருகிறவள் யாரோ அல்ல, இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று எல்லோருக்கும் தெரிந்தவள், அப்படியிருந்தால் எந்த மாமியாரும் கதவைத் திறக்கத்தானே செய்வாள்! சாலை, சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்துதான், ஆனாலும் இருபது வருடத்தில் நாட்டின் தாய்மார் மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது.

2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்ப வந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி போச்சு, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் போச்சு. மிச்சமிருந்தது நர்சிங், மருத்துவச்சிப் படிப்பு. டாக்டர் கனவோடு இருந்த பிள்ளைகள்கூட, சரி, இதாவது கிடைக்கட்டும் என்று அங்கே சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் அதையும் நிறுத்திவிட்டார்கள். நம்ம ஐபிஎல் ரஷீத் கானே, பெண் டாக்டர்களும் நர்சுகளும் போதாமல் இருக்கும்போது இப்படிச் செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார், தாலிபான் காதில் வாங்கவில்லை.

கூத்து என்னவென்றால், பெண்ணை ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று பல இடங்களில் தடுப்பதும் இவர்கள்தான், பெண் மருத்துவம் படிக்கக் கூடாது என்பதும் இவர்கள்தான்.

ஏற்கெனவே படித்தவர்கள் இன்னும் வேலை பார்க்கிறார்கள், 72 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் அப்பாவோ அண்ணனோ துணைக்கு வரவேண்டும். பாரிஸிலிருந்து பேகம் டிவி பள்ளிப் பாடங்களைச் செயற்கைக்கோள் வழியாக நடத்துகிறது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் அப்படிப் படித்துவிடலாம். குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது என்பதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கை பழகித்தான் கற்க வேண்டும், அங்கேதான் மாணவிகளை விடமாட்டேன் என்கிறார்கள்.