பதிவேட்டின் ஓரத்தில் எழுதியவை

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் பிறந்தால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பூ விலை ஏறிவிடும். 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். பொரளை கனத்தைக்கும் மாதம்பிட்டிச் சேமக்காலைக்கும் போய், புல்லுப் பிடுங்கி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவோம். கல்லறை கட்ட வசதி இருந்தவர்களுக்குச் சரி. மற்றவர்களை எங்கே தேடுவது?

வுல்வெண்டால் தேவாலயத்துக்குள் போயிருப்பீர்கள். ஒல்லாந்தர் 1757இல் திறந்த கோயில். கோட்டைக்குள் புதைத்திருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு இரண்டாவது அடக்கமும் கிடைத்தது. அதே காலத்தில் வாழ்ந்த நம்முடைய ஆட்களுக்குக் கல் இல்லை. ஆனால் பள்ளித் தோம்பு இருக்கிறது. ஞானஸ்நானம், திருமணம், மரணம் என்று பள்ளிக்கூட உபாத்தியாயர் எழுதிவைத்த ஏடு. கொழும்பு சுவடிக்கூடத்தில் இன்றும் காணலாம். தோம்பில் பெயர் இல்லாவிட்டால் சொத்துரிமையில் சிக்கல் வரும். அதனால் கத்தோலிக்கரும் பகலில் ஒல்லாந்தரிடம் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் ஒளித்துப் பூசை கண்டார்கள். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்த அந்த நாட்டுக்குத்தான் 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்திறங்கினார். 2015இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கியபோது நம்மில் பலர் அங்கே நின்றோம்.

இப்போது நம்முடைய பங்குப் பதிவேட்டுக்கு வருகிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் எனக்குப் பிடித்தது ஓரப்பகுதி. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானப்பெற்றோர் எல்லாம் நடுவில் இருக்கும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை எந்த ஊரில் கல்யாணம் கட்டினாலும், அந்தக் கோயிலிலிருந்து தகவல் வரும். அதை ஓரத்தில் எழுதுவார்கள். பழைய பக்கங்களில் முகத்துவாரம், நீர்கொழும்பு, மன்னார். 1983 கலவரத்துக்குப் பிறகு லண்டன், டொரன்டோ, பாரிஸ். ஒரு சமூகம் கலைந்து போனதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

நாம் போடும் ஆண்டு மலர்களோ வேறு மாதிரி. ஆயரின் ஆசிச்செய்தி, பங்குத்தந்தையர் பட்டியல், நகைக்கடை விளம்பரம். நாற்பது வருடம் ஆர்மோனியம் வாசித்தவர் ஒரு குழுப்படத்தின் மூன்றாம் வரிசையில் பாதி முகத்தோடு நிற்பார். பீடத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கஞ்சி போட்டுத் தந்த அக்காவுக்கு அந்தப் பாதியும் கிடையாது. மரணப் பதிவேட்டில் இவர்களுக்குப் பெயர், வயது, அடக்கம் செய்த நாள் உண்டு. என்ன செய்தார்கள் என்பது இல்லை. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் இறந்துபோனவர்களையும் நாம் ஒரு தொகையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களில் யார் எந்த வாங்கில் இருப்பார்கள், யார் பிந்தி வருவார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் எண்பது வயதைத் தாண்டிய சில அன்ரிமாரின் வாயில் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள், கொஞ்சம் வம்பும் சேர்த்து. அந்த வம்பையும் எழுதுங்கள். வீட்டில் பழைய கோயில் படங்கள் இருந்தால் அவர்களிடம் காட்டி, யார் யார் என்று பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

வணக்கம்.