மூடுபனிக்கு மேலே ஓர் ஆய்வுகூடம்

(அட்டனில் உயர்தர மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும், தோட்டங்களிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வானியல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நட்சத்திரம் மட்டும் காட்டச் சொல்லிவிடாதீர்கள். வெளியே மூடுபனியில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையே தெரியவில்லை. கொடைக்கானலும் மலைதான். அங்கிருந்துதான் வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். நமக்கோ இரண்டு பருவமழையும் தவறாமல் வரும். ஆனால் ரேடியோ அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. அதனால் இன்று பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவைப் பற்றிப் பேசுகிறேன்.

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்தெடுக்கின்றன. அப்படி மின்னேற்றம் பெற்ற வாயுப் பரப்புதான் அயன்மண்டலம். உங்கள் தாத்தாமாருக்கு இது நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. பகலில் வெறுமனே இரைந்துகொண்டிருக்கும் மத்திய அலை ரேடியோவில் இருட்டியதும் திருச்சி கேட்கும். பகலில் அலையை விழுங்கும் கீழ்ப்படை, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அப்புறம் அலை மேற்படையில் பட்டுத் திரும்பி வரும்.

சரி, இதில் நமக்கென்ன விசேஷம்? ஒரு இரும்பு ஊசியை நடுவில் நூல் கட்டிச் சமநிலையாகத் தொங்கவிட்டு, பிறகு அதைக் காந்தமாக்குங்கள். லண்டனில் அதன் வடமுனை ஏறத்தாழ 66 பாகை கீழே சரியும். இங்கே கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். ஊசி முழுக்கக் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நமக்கு அவ்வளவு பக்கம். கேரளத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டதும் இந்தக் கோடு அருகே இருப்பதால்தான். பகலில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, இந்தக் கோட்டை ஒட்டி ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது பொழுது சாய்ந்த பின் நடப்பது. கீழே பிளாஸ்மா சீக்கிரம் மெலிந்துவிடும், மேலே அடர்த்தி அப்படியே இருக்கும். தண்ணீருக்கு அடியில் எண்ணெயை விட்டது போல, மெலிந்த பகுதி குமிழியாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறும். அதன் ஊடாக வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை துடிக்கும், சிலவேளை அறுந்தே போகும். நம் பக்கத்தில் மார்ச், செப்டெம்பரை ஒட்டி இது அதிகம். சூரியன் உக்கிரமாக உள்ள ஆண்டுகளில் இன்னும் அதிகம்.

இதை அளப்பது எப்படி? ஜிபிஎஸ் செய்மதி 1575.42, 1227.60 மெகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் அனுப்புகிறது. பிளாஸ்மாவில் குறைந்த அலைவரிசை கூடுதலாகத் தாமதிக்கும். இரண்டும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து, வழியில் எத்தனை இலத்திரன்கள் என்று கணக்கிடலாம். உயர்தரப் பௌதிகவியலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இரண்டு அலைவரிசையும் வாங்கும் ரிசீவர் ஒன்றைப் பாடசாலைக் கூரையில் பூட்டினால், மேகம் விலகும்வரை காத்திருக்காமல் அன்றிரவே தரவு எடுக்கலாம். அதிபர் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஏணியை அவரிடம் கேளுங்கள்.