வராதவர்களின் பட்டியல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வெவ்வேறு ஆண்டுகளில் இந்த வளாகத்தில் படித்து வெளியேறிய நண்பர்களே, இன்று இங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மனித மலர்ச்சியையும் நல்வாழ்வையும் இந்த ஆண்டுச் சந்திப்பின் பொருளாக எடுத்துக்கொண்டதற்காக முன்னாள் மாணவர் சங்கத்தை முதலில் பாராட்ட வேண்டும். வழக்கமாக இத்தகைய கூட்டங்களில் யார் எந்த உயர்பதவியை அடைந்தார், எந்தக் கட்டடத்துக்கு யார் நன்கொடை அளித்தார் என்பவையே அறிக்கையாக வாசிக்கப்படும். அந்த அறிக்கைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நன்கொடை இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் எல்லாக் கல்வி நிலையங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் இங்கிருந்து பட்டம் பெற்றுச் சென்றவர் நன்றாக வாழ்கிறாரா என்ற கேள்விக்கு அந்த அறிக்கைகளில் இடமில்லை. அதைக் கேட்கும் உரிமை ஒரு சங்கத்துக்கு உண்டு என்றும், அதைவிடப் பயனுள்ள வேலை அதற்கு வேறு இல்லை என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

நன்றாக வாழ்வது என்றால் என்ன? 1948-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயின்மை மட்டுமே நலமாகிவிடாது என்றும், உடலாலும் மனத்தாலும் சமூக வாழ்வாலும் முழு நலத்தோடு இருப்பதே நலம் என்றும் வரையறுத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டைலர் வாண்டர்வீல் 2017-இல் வெளியிட்ட கட்டுரை இதை இன்னும் விரித்து, மகிழ்ச்சியும் வாழ்க்கையைப் பற்றிய நிறைவும், உடல்நலமும் மனநலமும், வாழ்வுக்கு ஒரு பொருளும் நோக்கமும், நற்பண்பு, நெருங்கிய உறவுகள் என ஐந்து கூறுகளைச் சொல்கிறது. இவை காலப்போக்கில் நிலைப்பதற்குப் பொருளாதாரப் பாதுகாப்பும் தேவை என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் தேர்வுகளும் வேலைவாய்ப்பு முகாம்களும் பெரும்பாலும் இந்தக் கடைசித் தேவையை நோக்கியே அமைந்துள்ளன. நெருங்கிய உறவுகளோ யாரும் திட்டமிடாமலேயே விடுதி அறைகளிலும் ஆய்வகங்களிலும் நூலகப் படிக்கட்டுகளிலும் உருவானவை. அவற்றைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. பாஸ்டன் நகரின் ஏழ்மையான பகுதிகளில் வளர்ந்த 456 சிறுவர்களைப் பற்றிய மற்றோர் ஆய்வும் பின்னர் இதனுடன் இணைந்தது. மருத்துவப் பரிசோதனைகள், நேர்காணல்கள், வினாத்தாள்கள் என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்த இந்தப் பணியின் நான்காம் இயக்குநர், மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர். ஐம்பது வயதில் ஒருவருக்குத் தம் உறவுகளில் இருந்த மனநிறைவே, எண்பது வயதில் அவர் எவ்வளவு நலமாக இருப்பார் என்பதை, அதே ஐம்பது வயதில் அவருக்கு இருந்த இரத்தக் கொழுப்பின் அளவைவிடத் தெளிவாகக் காட்டியது என்று அவர் விளக்கியிருக்கிறார். 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான சமூகத் தொடர்புகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்ததற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகமாக இருந்தது.

இந்த முடிவுகளை அளவறிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நலமாக இருப்பவர்களுக்கு நண்பர்களோடு பழகுவது எளிது. ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவது கடினம். ஹார்வர்டின் தொடக்கக்கால ஆய்வில் பெண்கள் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆயினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது அதைப் புறக்கணிப்பது அறிவுடைமை ஆகாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் அறிவித்தது.

மாணவப் பருவத்து நட்பு ஏன் அவ்வளவு ஆழமாக வேரூன்றுகிறது? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நல்ல நண்பராக ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது என்று அவர் மதிப்பிட்டார். அதிலும், கடமைக்காக ஒரே இடத்தில் வேலை செய்யும் நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. வேலையின்றிச் சேர்ந்திருக்கும் நேரமே கணக்கில் ஏறுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே குறிப்பேட்டை நான்கு பேர் மாற்றி மாற்றிப் படித்ததும், படிப்பதை நிறுத்திவிட்டு விடியும்வரை பேசிக்கொண்டிருந்ததும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது மற்றவர் வகுப்புக்குப் போகாமல் அருகில் இருந்ததும் சேர்ந்து அந்த இருநூறு மணி நேரத்தை ஒரு பருவத்துக்குள்ளேயே நமக்குத் தந்துவிட்டன. நாற்பது வயதில் வேலை, குடும்பம், பெற்றோரின் மருத்துவம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் புதிய நட்புக்கு அவ்வளவு நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? முன்பே சேர்ந்திருக்கும் அந்த நேரம் நம் கையில் உள்ள மூலதனம்; அதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இங்கே நம் கூட்டங்களின் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. காலை அமர்வில் ஒலிவாங்கி வரிசையாகக் கைமாறும். ஒவ்வொருவரும் எழுந்து பெயர், துறை, முடித்த ஆண்டு, இப்போது இருக்கும் நிறுவனம், வகிக்கும் பதவி ஆகியவற்றைச் சொல்லி அமர்வார். நல்ல எண்ணத்தோடு உருவான வழக்கம்தான். ஆனால் போன மாதம் வேலையை இழந்தவர் அந்த ஒலிவாங்கி தன்னிடம் வருவதற்குள் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலில் நட்டமடைந்தவர், மணமுறிவுக்கு ஆளானவர், நோய்வாய்ப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட தாய், முனைவர் பட்டத்தை முடிக்க முடியாமல் போனவர் ஆகியோரெல்லாம் அந்தச் சுற்றை முன்கூட்டியே மனத்தில் நடத்திப் பார்த்துவிட்டு, அழைப்பிதழுக்கு விடை எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இதுவே நடக்கிறது. பதவி உயர்வுக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் வாழ்த்துகள் குவியும் இடத்தில், சிலர் பேசுவதைக் குறைத்து, பின்னர் வெறுமனே படிப்பவர்களாகி, ஒருநாள் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். நட்பு யாருக்கு மிகவும் தேவையோ அவரே முதலில் விலகிப்போகும்படி நம் கூட்டங்களை அமைத்துவிட்டோமே என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எனவே இந்த ஆண்டிலிருந்து அறிமுகச் சுற்றில் பதவியைச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று வேண்டுகிறேன். பெயரையும் ஆண்டையும் சொன்ன பிறகு, இங்கே படித்த காலத்தில் தமக்கு உதவிய ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லட்டும். உதவியவர் அரங்கில் இருந்தால் நேரிலேயே கேட்பார்; இல்லாவிட்டால் அவருக்கு எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

வராதவர்களை அழைப்பதற்கு நமக்குத் தயக்கம் உண்டு. இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று எப்படி எழுதுவது, ஏதோ உதவி கேட்கத்தான் வருகிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்று யோசிக்கிறோம். 2024-இல் லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்கு எழுத விருப்பமும், தொடர்பு கொள்ளும் வழியும், எழுத நேரமும் இருந்தும்கூட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோரே செய்தியை அனுப்பினார்கள். ஆனால் முதலில் சில நிமிடங்கள் இப்போதைய நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிப் பழகியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் எழுதினார்கள். பெகி லியூ குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வோ, எதிர்பாராமல் நலம் விசாரிக்கப்படுபவர் அடையும் மகிழ்ச்சியை விசாரிப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. எதிர்பார்ப்பு எவ்வளவு குறைவோ, மகிழ்ச்சி அவ்வளவு கூடுதல். விட்டுப்போன தொடர்பைப் புதுப்பித்தவர்களுக்குப் புதிய, பயனுள்ள யோசனைகள் கிடைக்கின்றன என்று நிர்வாகவியல் ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஆனால் தொழில் ஆதாயத்தை முன்னிறுத்தி நண்பரைத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது படிக்கும் மாணவர்களையும் மறந்துவிடக் கூடாது. 22 நாடுகளிலும் ஹாங்காங்கிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராயும் உலகளாவிய மலர்ச்சி ஆய்வின் முதல் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. பல நாடுகளில் இளைஞர்கள் மூத்தவர்களைவிடக் குறைந்த நல்வாழ்வோடு இருப்பதாக அவை காட்டுகின்றன. அமெரிக்காவில் 30,000 பட்டதாரிகளிடம் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 2014-இல் நடத்திய ஆய்வில், கற்பதில் ஆர்வமூட்டிய ஆசிரியர், தம்மை ஒரு மனிதராக எண்ணி அக்கறை காட்டிய பேராசிரியர், கனவுகளுக்கு ஊக்கமளித்த வழிகாட்டி ஆகிய மூன்றும் வாய்த்தவர்கள் பின்னாளில் தம் வேலையில் ஈடுபாட்டோடு இருப்பதற்கான வாய்ப்பு இருமடங்குக்கும் மேலாக இருந்தது. அந்த மூன்றும் வாய்த்தவர்கள் 14 விழுக்காட்டினரே. பேராசிரியர்களின் பணிச்சுமை நமக்குத் தெரியும். வழிகாட்டியின் இடத்தையாவது நம்மில் பலர் நிரப்பலாம். மாதம் ஒருமுறை ஒரே மாணவரிடம் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுவது யாருக்கும் இயலாத செயலன்று.

நிறைவாகச் செயல்முறை பற்றிச் சில சொற்கள். இந்தச் சந்திப்புக்கு வராதவர்களின் பெயர்ப்பட்டியலைச் சங்கம் ஆண்டுவாரியாகத் தயாரிக்கட்டும். ஒருவரின் தொலைபேசி எண்ணை அவருடைய ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் தரக் கூடாது. பெயர் இருந்தால் போதும், தொடர்பில் இருப்பவர் யாரேனும் கிடைப்பார். இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த இருவரைப் பொறுப்பேற்று எழுதுங்கள். செய்தி சிறிதாக இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு நிகழ்ச்சியை அதில் நினைவூட்டுங்கள். நன்கொடை, அடுத்த கூட்டம், உறுப்பினர் சந்தா பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பதில் வராவிட்டால் வருந்த வேண்டாம், துருவவும் வேண்டாம்; சில மாதம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள்.

பதில் எழுதுபவர்களில் சிலர் கடுமையான மனத்துயரத்தில் இருப்பதாகச் சொல்லக்கூடும். அப்போது குறுக்கிடாமல் கேளுங்கள், அறிவுரையைத் தள்ளிவையுங்கள். நண்பர் மருத்துவர் ஆகிவிட முடியாது. ஆகவே நம் பழைய மாணவர்களில் மனநல மருத்துவர்களாகவும் ஆலோசகர்களாகவும் பணிபுரிபவர்களுள் விருப்பமுள்ளோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் முன்கூட்டியே தயாரித்து, எழுதும் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரிடமும் தர வேண்டும். துயரத்தில் இருக்கும் நண்பர் சம்மதித்தால், மருத்துவருடனோ ஆலோசகருடனோ நடக்கும் முதல் சந்திப்புக்கு நீங்களே உடன் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல், குடும்பத்தாருக்குச் சொல்லி, அன்றே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

வணக்கம்.