காடியும் தவிடும்

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஓயாத அலுவல்களுக்கு இடையிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, நல்ல காரியம் என்றால் தம் அரிசி மண்டியின் மாடியை மறுக்காமல் திறந்துவிடும் அண்ணாச்சி அவர்களே, நுகர்வோர் மன்ற நண்பர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரிசி வினிகர் குடிப்பதால் உடலுக்கு என்ன நன்மை என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். வினிகர் என்ற சொல் வருவதற்கு முன்பே நம்மிடம் காடி என்ற சொல் உண்டு. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்று என் பாட்டி ஓயாமல் சொல்லுவார். அதன் சத்து எங்கிருந்து வருகிறது, எப்படிக் குடிப்பது, வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது என்ற மூன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானின் ககோஷிமா மாநிலத்தில் ஃபுகுயாமா என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே வெட்டவெளியில், வெயிலும் மழையும் படும்படி, ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் மண்சாடிகளை ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வேகவைத்த அரிசி, கோஜி எனும் பூஞ்சை வளர்த்த அரிசி, ஊற்றுநீர் ஆகியவற்றைச் சாடியில் இட்டு, மேலே இன்னும் கொஞ்சம் கோஜியைத் தூவி, மூடிவிடுகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாவதும், சர்க்கரை சாராயமாவதும், சாராயம் காடியாவதும் அந்த ஒரே சாடிக்குள் நடந்தேறுகின்றன. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அது முதிர்ந்து கருஞ்சிவப்பாகிறது. அதுதான் குரோசு எனும் கறுப்பு வினிகர். என் பாட்டியின் பழமொழியை அவர்கள் கேட்டதில்லை. ஆனாலும் காடியை மூடித்தான் வைக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தவிடு. நெல்லின் ஃபெருலிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களில், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களில், பெரும்பகுதி தவிட்டில்தான் இருக்கிறது. தீட்டாத அரிசியில் செய்த குரோசுவிலிருந்து டைஹைட்ரோஃபெருலிக் அமிலம், டைஹைட்ரோசினாபிக் அமிலம் என்ற அத்தகைய இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்து, 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் காடி செய்தால், அந்தச் சத்தின் பெரும்பகுதி ஆலையிலேயே தவிட்டோடு போய்விடுகிறது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: சோதனைக்குழாயில் ஒரு சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதாலேயே, அதைக் குடித்தவருக்கு நோய் வராது என்று ஆகிவிடாது. வினிகரை மருந்தாக விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

குடிக்கும் முறை எளியது. ஒரு மேசைக்கரண்டிக் காடியை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, உணவோடு குடிக்க வேண்டும். அப்படியே குடித்தால் அது பல்லின் எனாமலை அரிக்கும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

என் மைத்துனர் அப்படிக் கேட்காமல் தொடங்கியவர். 'ஜப்பான்காரர்கள் குடிக்கிற வினிகர், மாமா' என்று பெருமையோடு சொல்லி, எட்டு மாதமாகக் காலையில் ஒரு கரண்டி குடித்துவந்தார். திருவிழாவுக்குப் போயிருந்தபோது அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். தண்ணீரைப் போலத் தெளிந்திருந்தது. திறந்து முகர்ந்தால் மூக்கில் ஏறும் நெடி ஒன்றுதான், அரிசியின் வாசனை துளியும் இல்லை. லேபிளைத் திருப்பினேன். நொய்யைவிடச் சிறிய எழுத்து. அதன்மேல் கடைக்காரர் விலைச்சீட்டை வேறு ஒட்டியிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தி வந்து, நகத்தால் அந்தச் சீட்டைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, கீழே இருந்த ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'செயற்கை, அசெட்டிக் அமிலத்திலிருந்து தயாரிக்கப்பட்டது' என்பது அதன் பொருள். 'அப்போ இதுல அரிசியே இல்லையா தாத்தா?' என்று அவள் கேட்டதும் வீடே அமைதியாகிவிட்டது. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, காடிக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலம் ஓரளவு மட்டுப்படுத்தும் என்பது உண்மை. அது அந்தப் பாட்டிலிலும் இருந்தது. ஆனால் அவர் நம்பிக் குடித்த தவிட்டின் சத்து அதில் ஒரு சொட்டும் கிடையாது.

காடியைத்தான் மூடச் சொன்னார் என் பாட்டி. காடியின் பெயரை மூடச் சொல்லவில்லை. செயற்கை வினிகர் என்றால் அதை லேபிளில் தெளிவாக அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. ஜப்பானியத் தர விதியோ இன்னும் ஒரு படி மேலே போய், அரிசி வினிகர் என்று பெயரிட லிட்டருக்குக் குறைந்தது 40 கிராம் அரிசியும், அரிசிக் கறுப்பு வினிகர் என்று பெயரிட 180 கிராமும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. நமக்கும் அப்படி ஓர் அளவு வேண்டும்; செயற்கை என்ற சொல் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வேண்டும்; விலைச்சீட்டு அதன்மேல் ஒட்டப்படக் கூடாது. நகர்மன்றத் தலைவர் அம்மையார் இந்தக் கோரிக்கையை அதிகாரிகளிடம் எடுத்துச் செல்வதாக மேடையேறும் முன் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

மனு மாடிப்படியருகே அண்ணாச்சியின் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கைக்குத்தல் அரிசியும், இன்னொன்றில் தீட்டிய அரிசியும் வைத்திருக்கிறோம். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வணக்கம்.