மணி அடித்தால் பருப்பு வேகுமா?

("பிள்ளைகள் நன்றாகக் கற்பது பள்ளியிலா, வீட்டிலா?" என்ற பட்டிமன்றத்தில், "வீட்டிலே" என்ற அணிக்காகப் பேசிய உரை)

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் மதுரை மக்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். மற்ற மரியாதைகளை மனத்துக்குள் செலுத்திவிட்டேன்.

எதிரணித் தலைவர் முப்பது ஆண்டு தலைமையாசிரியராக இருந்தவர். அவர் ஒரே ஒரு வரி சொல்லி உங்கள் அனைவரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். "வீட்டுப் பள்ளியில் மணி அடிக்காது, குக்கர்தான் விசில் அடிக்கும், அங்கே முதல் மதிப்பெண் வாங்குகிறவனும் அவனே, கடைசி மதிப்பெண் வாங்குகிறவனும் அவனே" என்றார். நானும் சிரித்தேன். முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண் சங்கதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, வேறு எதை வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். என் வீட்டுக் குக்கரை இழுத்திருக்கக் கூடாது. என் மகனின் முதல் அறிவியல் ஆசிரியரே அந்தக் குக்கர்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் மகனுக்கு எட்டு வயது. நான்கு மாதம் கைப்பேசித் திரையில் வகுப்பு நடந்தது. ஒரு நாள் ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்க, நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "புரிந்தது மிஸ்" என்று சொல்ல, இவன் மட்டும் ஒலியை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, என்ன புரிந்தது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நானும் என் கணவரும் அவனை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்தோம். ஊர் என்ன சொல்லிற்று என்பதைச் சொல்ல இன்னொரு பன்னிரண்டு நிமிடம் வேண்டும்.

குக்கருக்கு வருகிறேன். ஒரு நாள் காலை அடுப்பில் பருப்பு இருந்தது. என் மாமியார், அவனுக்கு அப்பத்தா, "நாலாவது விசிலுக்கு அணைத்துவிடு" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பூப்பறிக்கப் போனார்கள். இவன் பின்னாலேயே போய், "ஏன் நாலு? ஏன் மூன்று இல்லை?" என்று கேட்டான். "நாற்பது வருஷமா நாலு விசில்தான்டா" என்றார்கள். அவன் விடவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் "அப்பத்தா: நாலு விசில்" என்று எழுதினான். பிறகு அப்பத்தாவைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, அடுத்த பத்து நாளும் ஒரே டம்ளர் பருப்பு, ஒரே அளவு தண்ணீர் வைத்து, ஒரு நாள் பெரிய தீயிலும் மறுநாள் சிறு தீயிலும், ஒரு நாள் ஊறவைத்தும் மறுநாள் ஊறவைக்காமலும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டான். பத்து நாளும் எங்கள் வீட்டில் சாம்பார்தான், நடுவர் அவர்களே. கல்விக்காக இந்தக் குடும்பம் செய்த தியாகம் அது.

அவன் கண்டது என்ன தெரியுமா? பெரிய தீயில் நான்கு விசில் வந்தும் பருப்பு பல்லில் பட்டது. சிறு தீயில் இரண்டே விசிலில் குழைந்துவிட்டது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. மூடிய குக்கரில் அழுத்தம் ஏறுவதால் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும் என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். ஆனால் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே அவன் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டான்: "விசில் என்பது ஆவி வெளியே வந்ததற்கு அடையாளம், பருப்பு வெந்ததற்கு அல்ல."

தலைமையாசிரியர் ஐயா, அந்த வரியில் விசில் என்ற சொல்லை எடுத்துவிட்டு மணி என்ற சொல்லைப் போட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் பள்ளியில் ஒரு நாளைக்கு எட்டு முறை மணி அடிக்கிறது. எட்டு மணி அடித்தது என்பது உண்மை. எத்தனை பருப்பு வெந்தது?

இதே கதையை என் கணவர் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அவர் ஆறாவது நாளிலிருந்துதான் தொடங்குவார். அன்று குக்கரின் பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு, பருப்பு முழுவதும் மேற்கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. "உன் மகனின் ஆராய்ச்சியால் வெள்ளையடிப்புச் செலவு" என்பார். அன்று ஆர்வ மிகுதியால் பருப்பை இரண்டு மடங்காக அள்ளிப் போட்டவர் தாமே என்பதை அவர் கதையில் சேர்ப்பதில்லை. குக்கரில் பருப்பை அதிகம் போட்டால் நுரைத்துப் பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும் என்ற பாடம் அன்று மகனுக்கும் கிடைத்தது, தகப்பனுக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் 1679-ஆம் ஆண்டில் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் இத்தகைய பாத்திரத்தை முதலில் செய்ததையும், அதற்குப் பாதுகாப்பு வால்வு பொருத்தியதையும் படித்தோம். என் மாமியார் இதைச் சொன்னால் கதை இரண்டே வரி: "நான் முதலிலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை."

நடுவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தவறு செய்துவிட்டோமோ என்று தூக்கம் வராமல் கிடக்கும் பெற்றோர் சிலர் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் நேராகச் சில வார்த்தை பேசிவிடுகிறேன்.

முதல் மாதம் கரும்பலகை வாங்காதீர்கள். நான் வாங்கினேன், காலை ஒன்பது மணிக்கு அட்டவணை போட்டு, சீருடை மட்டும்தான் இல்லை என்ற நிலைக்குக் கொண்டுபோய், மூன்றாவது வாரம் நானும் அழுது அவனும் அழுதான். 45 நிமிடப் பாடவேளையில் 40 பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் எவ்வளவு முயன்றும் தனியாகக் கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம். ஒன்பது வயதுப் பிள்ளையோடு நீங்கள் மனம் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மீதி நேரத்தில் அவன் கேள்வி கேட்கட்டும். எதுவுமே நடக்காத நாள்கள் வரும். அன்றும் தேதி போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் நினைத்த வாரங்களில்தான் நிறைய நடந்திருக்கும்.

சட்டம் தடுக்காதா என்று கேட்பவர்களுக்கு: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காதவருக்குத் தண்டனை என்று அச்சட்டம் எதையும் வகுக்கவில்லை. சான்றிதழுக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். மொழிப்பாடம் ஒன்றாவது சேர்த்து ஐந்து பாடம் தேறினால் போதும். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு தருகிறார்கள்; ஒரே மார்ச் மாதத்தில் வாழ்வா சாவா என்று நிற்க வேண்டியதில்லை. மாநில அரசும் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழி வைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும், ஏற்கெனவே படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மாற்றுச் சான்றிதழை வாங்க எத்தனை முறை நடந்தேன் என்பதை இந்த மேடையில் சொல்லப்போவதில்லை.

நண்பர்கள் கிடைப்பார்களா என்பது எதிரணியின் இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக உழைக்கத்தான் வேண்டும். மாலையில் சிலம்பம், ஞாயிறுதோறும் எங்களைப் போன்ற இன்னும் மூன்று குடும்பங்கள், வாரம் ஒருமுறை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று நாங்கள் வழி செய்துகொண்டோம். கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற பழங்காலத் தமிழ் எழுத்தின் முன்னால் அவன் ஒரு முழு முற்பகல் நின்றான்; "வரிசையில் நகருங்கள்" என்று யாரும் அதட்டவில்லை. இரண்டு சம்பளம் வந்த வீட்டில் ஒன்று நின்றுபோனதையும் மறைக்க மாட்டேன். அது வலிக்கத்தான் செய்தது. எல்லோராலும் இயலும் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. இயன்றவர்கள் பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது வாதமாகாது என்று எனக்கே தெரியும். நடுவர் அவர்கள் மதிப்பெண் தர வேண்டாம்.

2024-இல் அந்த அப்பத்தா படுக்கையில் விழுந்தார்கள். பள்ளிக்குப் போகும் பேரனாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் ஓரத்தில் நின்றுவிட்டுப் போயிருப்பான். இவன் கூடவே இருந்தான். காலையும் மாலையும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பார்த்து, அதே நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். வரைபடம் என்ற பாடத்தை நான் அவனுக்குத் தனியாக நடத்தவே இல்லை. படுத்த இடத்திலிருந்தே அவர்கள் அடுக்களை விசிலை எண்ணுவார்கள்; நான்காவதற்கு, "டேய், அணைடா" என்று குரல் வரும். சிறு தீயில் இரண்டே போதும் என்று கண்டுபிடித்தவன், அந்தக் குரலுக்காகவே தீயைக் கூட்டி வைத்து நான்கு விசில் விடுவான்.

ஆடி மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "அம்மா, இந்தக் கோட்டை எங்கே முடிக்க?" என்று கேட்டான். நான்கு ஆண்டாக அவனுக்கு ஆசிரியையாக இருந்தவளுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் பருப்பு இருந்தது. முதல் விசில் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நான்காவதற்கு அவன் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. அமர்கிறேன். வணக்கம்.